மே மாதக் கனூப் பயணம்: அல்கொன்குவினா, பிரெஞ்சு ஆறா, டெமாகமியா?

மார்ச் பிறந்ததும் டொராண்டோ நண்பர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். "மே மாதம் நான்கைந்து நாள் லீவு இருக்கிறது. கனூ எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போக வேண்டும். எங்கே போவது?" கேட்பவர்கள் பெரும்பாலும் கோடையில் இரண்டு மூன்று முறை கனூ என்கிற ஒடுங்கிய படகில் துடுப்புப் பிடித்தவர்கள். நீந்தத் தெரியும், உடம்பில் வலு உண்டு, ஆசை அதைவிட அதிகம். பேச்சு எப்போதும் ஒன்டாரியோ மாகாணத்தின் மூன்று பெயர்களில் வந்து நிற்கும்: அல்கொன்குவின் பூங்கா, பிரெஞ்சு ஆறு, டெமாகமி. ஆளுக்கொரு படத்தை அனுப்பி எது நல்லது என்று கேட்பார்கள். அனுப்பிய படமெல்லாம் ஜூலையில் எடுத்ததாக இருக்கும்.

மூன்றும் அழகான இடங்கள்தான். ஆனால் வசந்தத்தில் அழகை வைத்து இடம் பார்க்கக் கூடாது. தண்ணீரை வைத்துப் பார்க்க வேண்டும். அது எவ்வளவு குளிர்ந்து கிடக்கிறது, எவ்வளவு வேகமாக ஓடுகிறது, காற்று அடித்தால் எவ்வளவு எழும்புகிறது என்பதுதான் மே மாதத்தில் முதல் கேள்வி. ஆகஸ்டில் படகு கவிழ்ந்தால் அது சிரித்துச் சொல்லும் கதை. மே முதல் வாரத்தில் அதே ஏரியில் அதே படகு கவிழ்ந்தால் சொல்ல ஆள் இல்லாமல் போகலாம்.

இந்த ஒப்பீடு டொராண்டோவிலிருந்து காரில் கிளம்பி, வழிகாட்டி இல்லாமல், நான்கைந்து நாள் சொந்தப் பொறுப்பில் போய்வர நினைப்பவர்களுக்கானது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

தண்ணீரின் குளிர். ஐஸ் விலகிய வாரத்தில் ஏரித் தண்ணீர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். வெயில் சுள்ளென்று அடிக்கலாம், காற்று 20 டிகிரியைத் தொடலாம். தண்ணீர் அதைக் கண்டுகொள்வதில்லை. மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீர் விபத்துகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி ஒரு கணக்கைச் சொன்னார்: ஒன்று, பத்து, ஒன்று. விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது. அடுத்த பத்து நிமிடம்தான் கையும் காலும் நாம் சொன்னதைக் கேட்கும். அதன்பின் உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். குளிரில் விறைத்துச் சாவதற்கு முன்பே, மூச்சுத் திணறியோ கை ஓய்ந்தோ மூழ்கிவிடுபவர்கள்தான் அதிகம். லைஃப் ஜாக்கெட் உடம்பில் மாட்டியிருந்தால்தான் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும். படகில் காலடியில் கிடக்கும் ஜாக்கெட் சட்டத்துக்குப் பதில் சொல்லும், உயிருக்குச் சொல்லாது.

இதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் இரண்டாவது வசந்தப் பயணத்தில் நண்பர் ஒருவர் கரையில் இறங்கும்போது பாசிப் பாறையில் கால் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்தார். கரை கைக்கெட்டும் தூரம்; இரண்டே நிமிடத்தில் மேலே இழுத்துவிட்டோம். ஈர ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னபோது அவர் விரல்கள் ஜிப்பின் நுனியைத் தேடிக்கொண்டே இருந்தன. ஜிப் கண்ணெதிரே இருக்கிறது, பிடிக்க முடியவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் குழந்தைபோல் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான்தான் கழற்றிவிட்டேன். நடு ஏரியில் அவருக்கு யார் கழற்றியிருப்பார்கள்?

திரும்பி வர வழி. ஏரியில் போனவர்கள் காலையில் வானம் சரியில்லை என்றால் வந்த வழியே திரும்பலாம். ஆற்றில் வெள்ளத்தோடு இறங்கிவிட்டால் எதிர்த்துத் துடுப்புப் போட்டுத் திரும்புவது பல இடங்களில் நடக்காத காரியம். வசந்தத்தில் என்னைப் பொறுத்தவரை இதுவே இரண்டாவது பெரிய அளவுகோல்.

போர்ட்டேஜ். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து நடக்கும் காட்டுவழிக்கு இங்கே அதுதான் பெயர். மே தொடக்கத்தில் அது சேறும் சகதியுமாக இருக்கும். நிழல் விழும் இடங்களில் பனிக்கட்டி கிடக்கும். குளிர்காலப் புயலில் சாய்ந்த மரங்கள் குறுக்கே விழுந்திருக்கும். அவற்றை யார் வெட்டி வழி செய்வார்கள் என்பதை இடத்துக்கு இடம் கேட்க வேண்டும்.

மிச்சம் இருப்பவை பூச்சி, பணம், பயண நேரம், ஆபத்தில் ஆள் வந்து சேர ஆகும் நேரம். உள்காட்டில் ஃபோன் சிக்னலை நம்ப முடியாது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். கார்மின் இன்ரீச், ஸ்பாட் போன்றவை வாடகைக்கும் கிடைக்கின்றன; ஐஃபோன் 14 முதல் வந்த ஃபோன்களில் கனடாவிலும் அவசரச் செய்தி வசதி இருக்கிறது. ஆனால் ஃபோன் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கிவிடும். இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

## இடத்துக்கு முன் தேதி

எங்கே என்று கேட்பவர்களிடம் நான் முதலில் என்றைக்கு என்றுதான் கேட்பேன். ஏப்ரல் இறுதிக்கும் ஜூன் தொடக்கத்துக்கும் நடுவில் ஒரே ஏரி மூன்று வேறு ஏரிகளாக இருக்கிறது.

அல்கொன்குவின் ஏரிகளில் ஐஸ் விலகுவது பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ. வடக்கே டெமாகமிக்கு இன்னும் சில நாள் கூடுதலாக ஆகும். ஐஸ் போன கையோடு போனால் பூச்சி இல்லை, கூட்டம் இல்லை, ஏரி மீன்கள் மேல்மட்டத்திலேயே திரியும். மரத்தில் இலை இல்லாததால் காட்டுக்குள் வெகுதூரம் பார்க்கலாம். ஆனால் தண்ணீர் உச்சக் குளிரில் இருக்கும், இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். காற்றைத் தடுக்க இலைகளும் இல்லை. இது அனுபவசாலிகளின் வாரம். மேலும் ஐஸ் எந்த நாளில் போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் லீவு நகராது, ஐஸ் நகரும்; முன்பதிவுப் பணம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

மே இரண்டாம் வாரத்திலிருந்து விக்டோரியா தின விடுமுறை வரையிலான நாட்கள் எனக்குப் பிடித்தவை. தண்ணீர் இன்னும் ஆபத்தான குளிர்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் போர்ட்டேஜ் காய்ந்துவரும், ஐஸ் இருக்குமோ என்ற பயம் இல்லை, காட்டுத்தரையில் வெள்ளை டிரில்லியம் பூக்கத் தொடங்கும். விக்டோரியா தினம் மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை. அந்த வார இறுதியில் கூட்டம் பொங்கும், ஆகவே அதற்கு முந்தைய வாரத்தைப் பிடியுங்கள்.

மே கடைசியும் ஜூனும் பிளாக்ஃபிளையின் காலம். சிறிய கறுப்பு ஈ அது. ஓடும் நீரில்தான் அதன் புழு வளரும். ஆகவே ஆற்றோரமும் ஓடையோரமும் அதன் ஊர். கொசுவைப்போல ஊசி போடாது, தோலை அறுத்துக் குடிக்கும். கடிக்கும்போது தெரியாது; காதுக்குப் பின்னால் தடவினால் விரலில் ரத்தம் இருக்கும். தலைமுடி ஓரம், சட்டைக் காலர், சாக்ஸ் விளிம்பு ஆகிய இடங்களைத் தேடிப் போகும். இரவில் கடிக்காது, கூடாரத்துக்குள் புகுந்தாலும் கடிக்காமல் வெளியே போகவே பார்க்கும். அந்தி சாய்ந்ததும் அதன் இடத்தைக் கொசு எடுத்துக்கொள்ளும். கருநீலச் சட்டையை வீட்டில் விட்டுவிட்டு வெளிர்நிறத்தில் உடுத்துங்கள். வலை வைத்த மேற்சட்டை ஒன்று வாங்குங்கள். குழந்தைகளோடு இந்த வாரங்களில் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். குழந்தைகளின் முகம் வீங்கிவிடும், அவர்கள் அதன்பின் காட்டுக்கு வரவே மறுப்பார்கள்.

## அல்கொன்குவின்: ஏரிச் சங்கிலி

1893இல் உருவான பூங்கா. பரப்பு சுமார் 7,600 சதுர கிலோமீட்டர், 2,400க்கும் மேற்பட்ட ஏரிகள். டொராண்டோவிலிருந்து 60ஆம் நெடுஞ்சாலை வழியே கனூ ஏரி வாசலுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஓவியர் டாம் தாம்சன் 1917 ஜூலையில் இறந்தது இந்த ஏரியில்தான். படகில் தனியாகக் கிளம்பியவரின் உடல் சில நாள் கழித்துக் கிடைத்தது. அதுவும் கோடையில்.

வசந்தத்துக்கு இந்த இடம் பொருந்துவதற்கு முதல் காரணம், சிறிய ஏரிகளை மட்டுமே கோத்து ஒரு வழி அமைக்கலாம் என்பது. கனூ ஏரியிலிருந்து ஜோ ஏரிக்கு அணையைச் சுற்றி 295 மீட்டர் போர்ட்டேஜ். அதைத் தாண்டினால் பல திசைகளில் சின்னச் சின்ன ஏரிகள். எப்போதும் கரையை ஒட்டியே துடுப்புப் போடலாம். கரையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் இருப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம் போதும். இரண்டாவது காரணம் போர்ட்டேஜ் தொடங்கும் இடமெல்லாம் மஞ்சள் பலகை. தூரம் மீட்டரில் எழுதியிருக்கும். விழுந்த மரங்களைப் பூங்கா ஊழியர்கள் வெட்டி ஒதுக்குவார்கள், மே தொடக்கத்தில் எல்லா வழிகளையும் முடித்திருக்க மாட்டார்கள் என்றாலும். மூன்றாவது காரணம் நினைத்தால் திரும்பலாம்.

அதற்காக அல்கொன்குவின் முழுதும் ஒரே மாதிரி என்று எண்ணிவிடாதீர்கள். ஒப்பியாங்கோ பூங்காவின் மிகப் பெரிய ஏரி. பிற்பகல் காற்றில் அங்கே எழும் அலை, சுமை ஏற்றிய கனூவின் விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். அதன் வடகரைக்குப் போக வேண்டுமென்றால் மோட்டார் படகுச் சேவைக்குப் பணம் கொடுத்துப் போங்கள். அந்தப் பணத்தை வீண்செலவு என்று நினைக்க வேண்டாம். அதேபோல் பெட்டவாவா ஆறும் இதே பூங்காவுக்குள்தான் ஓடுகிறது. வசந்த வெள்ளத்தில் அது பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே. வரைபடத்தில் நீலக் கோடாகப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே கட்டுப்பாடுகளாக வருகின்றன. எந்த இரவு எந்த ஏரி என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்; பதிவு ஐந்து மாதத்துக்கு முன் திறக்கும். கட்டணம் ஆளுக்கு, இரவுக்கு. ஓர் இடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்க முடியாது. உள்காட்டில் தகர டப்பாக்களுக்கும் கண்ணாடிப் புட்டிகளுக்கும் தடை. எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்து நண்பர்கள் அதிகம். அவர்கள் கூடை கட்டினால் முதலில் போவது டின் மீன். இங்கே அது ஆகாது. வீட்டிலேயே குழம்பாக்கி, உறையவைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் முதல் இரவுக்குக் கொண்டுபோகலாம். கருவாட்டையும் வீட்டில் விட்டுவிடுங்கள். பனி முடிந்து பசியோடு எழுந்த கருங்கரடிக்கு நெத்திலிக் கருவாட்டின் வாடை வெகுதூரத்திலிருந்து தெரியும். புட்டு மா, பருப்பு, காய்ந்த தேங்காய்ப்பூ, மிளகாய்த்தூள் போதும். அவற்றையும் இரவில் கூடாரத்தில் வைக்காமல் மூடி இறுக்கிய பீப்பாயில் போட்டுத் தள்ளி வைக்க வேண்டும், அல்லது மரத்தில் உயரத் தொங்கவிட வேண்டும்.

காரோட்டுபவருக்கு ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் சாலையில் கொட்டிய உப்பு, பனி உருகி ஓரப் பள்ளங்களில் தேங்கியிருக்கும். உப்புக்கு ஏங்கும் மூஸ் மான்கள் மே மாதத்தில் அதைக் குடிக்க 60ஆம் நெடுஞ்சாலை ஓரத்துக்கு வரும். அந்தியில் அவை நிற்பது தெரியாது; கறுத்த உடல், காரின் விளக்கு வெளிச்சத்துக்கு மேலே போய்விடும் உயரம். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். பகலில் பார்த்தால் மறக்க மாட்டீர்கள்: முன்னங்காலை அகட்டி, கழுத்தைத் தாழ்த்தி, மழிக்காத தாடி தொங்க, பள்ளத்துத் தண்ணீரை அது உறிஞ்சும் சத்தம் கார் ஜன்னல் வரை கேட்கும்.

## பிரெஞ்சு ஆறு: வெள்ளத்தோடு போவது

நிப்பிசிங் ஏரியில் புறப்பட்டு ஜார்ஜியன் விரிகுடாவில் கலக்கும் ஆறு, நீளம் சுமார் 110 கிலோமீட்டர். டொராண்டோவிலிருந்து 69ஆம் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். கனடாவின் பாரம்பரிய ஆறு என்ற பட்டியலில் 1986இல் முதலாவதாகச் சேர்க்கப்பட்டது இதுதான். இந்த மண்ணின் மக்களான அனிஷினாபே காலங்காலமாகப் போய்வந்த வழி. 1615இல் பிரெஞ்சுப் பயணி சாம்ப்ளேன் இதே வழியில் வந்தார். பின்னர் தோல் வணிகர்களின் பெரும் படகுகள் தலைமுறை தலைமுறையாக ஓடின.

ஆறு பாறைகளுக்கிடையே சரிந்து சீறும் இடங்களை இங்கே ரேபிட்ஸ் என்பார்கள். இந்த ஆற்றின் ரேபிட்ஸ் அடியில் 1960களில் மூழ்கித் தேடியவர்களுக்கு அந்த வணிகர்களின் பொருட்கள் கிடைத்தன. வாழ்நாளெல்லாம் இந்தத் தொழிலிலேயே இருந்தவர்களின் படகுகளும் அங்கே கவிழ்ந்திருக்கின்றன. பனி உருகி நிப்பிசிங் ஏரி நிரம்பும்போது அணைகளில் தண்ணீர் திறப்பார்கள். கோடையில் பாறை தெரியும் இடம் மே மாதத்தில் பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று புரண்டு ஓடும். பார்க்க அமைதியாகத்தான் தெரியும். கீழே போய் அது மடிந்து திரும்பும் இடத்தில் மரக்கட்டை ஒன்று மாட்டிக்கொண்டு, உள்ளே போவதும் வெளியே வருவதுமாகச் சுழல்வதை நான் அரைமணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன். வெளியேறவே இல்லை.

ஆனால் பிரெஞ்சு ஆறு என்றால் ரேபிட்ஸ் மட்டுமில்லை. ஆறு பல கிளைகளாகப் பிரிகிறது. பாலத்துக்கு மேற்கே ஹார்ட்லி பே பக்கம் இறங்கினால் அகன்ற, ஏரிபோன்ற நீண்ட கால்வாய்கள். இளஞ்சிவப்புப் பாறை, காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்த பைன் மரங்கள். இந்த மேற்குப் பகுதி போர்ட்டேஜ் குறைவானது. முதுகுவலிக்காரர்களும் வயதான பெற்றோரை அழைத்துப் போக நினைப்பவர்களும் ஜூன் நடுவுக்குப் பின் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மே மாதத்தில் மட்டும் வெள்ளமும் காற்றும் எதிரெதிரே மோதும் இடங்களில் அலை செங்குத்தாக எழும் என்பதை மறக்க வேண்டாம். ஜார்ஜியன் விரிகுடாவின் திறந்த நீருக்குள் வசந்தத்தில் கனூவோடு போகவே கூடாது. அதைக் கடல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காயும் பாறைகளில் மசசாகா ரேட்டில் என்ற விஷப் பாம்பும் இருக்கும். விறகு பொறுக்கும் கையைப் பார்த்து நீட்ட வேண்டும்.

செலவில் பலர் கணக்கில் விடுவது வண்டி. ஆற்றின் மேலே இறங்கிக் கீழே ஏறினால் கார் ஓரிடம், நீங்கள் ஓரிடம். இரண்டு கார் கொண்டுபோக வேண்டும், அல்லது வாடகைக் கடைக்காரரிடம் பணம் கொடுத்துக் காரை நகர்த்தச் சொல்ல வேண்டும். தண்ணீர் அதிகம் என்று நடுவில் நிறுத்தினால் கார் இருக்கும் இடத்துக்குப் போகவே வழியிருக்காது. பண நெருக்கடியைவிட இது மோசம். "எப்படியாவது போய்விடுவோம்" என்ற பேச்சு பிறப்பது இந்த இடத்தில்தான்.

வெள்ளநீர்ப் பயிற்சி எடுத்தவர்கள், தண்ணீர் புகாத உலர் உடையும் ஹெல்மெட்டும் வைத்திருப்பவர்கள், குறைந்தது மூன்று படகாகப் போகும் குழுவினர் ஆகியோருக்கு மே மாதப் பிரெஞ்சு ஆறு மற்ற இரண்டு இடமும் தராத ஒன்றைத் தரும். மற்றவர்களுக்கு செப்டம்பர் இருக்கிறது.

## டெமாகமி: தொலைவும் தனிமையும்

டொராண்டோவிலிருந்து 11ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 440 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். நான்கு நாள் லீவில் போகவர ஒன்றேகால் நாள் காரிலேயே கழியும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது முதிர்ந்த பைன் காடும், நாள் முழுதும் இன்னொரு படகைக் காணாத அமைதியும்.

அங்குள்ள காட்டுவழிகளை அந்த மண்ணின் மக்களான டெமே ஆகமா அனிஷினாபே, நஸ்தாவ்கன் என்கிறார்கள். ஐரோப்பியர் வருவதற்கு வெகு முன்பே காலடியால் தேய்ந்த வழிகள். 1989இல் மரம் வெட்டுவதற்கு ரெட் ஸ்குவிரல் சாலையை நீட்டியபோது அம்மக்களும் சூழல் ஆர்வலர்களும் மறியல் செய்தார்கள். அதில் கைதானவர்களில் ஒருவர் பாப் ரே. மறு ஆண்டே ஒன்டாரியோவின் முதல்வரானார். இலங்கைச் சமாதானப் பேச்சுக் காலத்திலிருந்து நம்மவர் பலருக்குத் தெரிந்த பெயர் அது. இன்று நாம் போய் அண்ணாந்து பார்க்கும் மரங்களுக்காக அன்று சாலையில் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதை அங்கே போகும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

பயணத்துக்கு வருவோம். இங்கே பெரும்பகுதி பூங்காவுக்கு வெளியே உள்ள அரசு நிலம். கனடாவில் வசிப்பவர்கள் கட்டணமின்றித் தங்கலாம், ஓரிடத்தில் ஓராண்டுக்கு 21 நாள் வரை. ஆனால் பிரெஞ்சு ஆற்றுக்கும் மட்டாவா ஆற்றுக்கும் வடக்கே அரசு நிலத்தில் தங்க, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்திருக்கும் தம்பியையோ மைத்துனரையோ கூட்டிப்போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லேடி எவலின் ஸ்மூத்வாட்டர் போன்ற பூங்காக்களுக்குள் நுழைந்தால் எல்லாருக்கும் கட்டணம் உண்டு.

இலவசம் என்றதும் மலிவு என்று தோன்றும். பெட்ரோல், போகும் வழியில் ஓர் இரவு மோட்டல், ஏரியின் பெரிய கிளைகளைத் தாண்டப் படகு வாடகை என்று கூட்டினால் அல்கொன்குவின் கட்டணத்தைத் தாண்டிவிடும். பணத்துக்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. இங்கே போர்ட்டேஜில் விழுந்த மரத்தை உங்களுக்காக யாரும் வந்து வெட்ட மாட்டார்கள். கைரம்பம் எடுத்துப் போக வேண்டும். 700 மீட்டர் வழியில் ஏழெட்டு மரம் குறுக்கே கிடந்தால், படகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாண்டுவது கணுக்காலுக்குக் கேடு. அங்கே கணுக்கால் சுளுக்கினால் உதவி வர நேரமாகும். டெமாகமி ஏரியும் நீண்ட கைகளாக விரிந்த பெரிய நீர். காற்றுக்கு ஒதுங்கத் தீவுகள் நிறைய இருந்தாலும், தீவுக்கும் தீவுக்கும் நடுவிலுள்ள திறந்த நீரைக் கடந்துதான் ஆக வேண்டும்.

ஏழு நாளாவது இருப்பவர்கள், இதற்கு முன் இரண்டு வசந்தமாவது வேறிடத்தில் பழகியவர்கள் மே மூன்றாம் வாரத்துக்குப் பின் போகலாம். நான்கு நாளுக்கு டெமாகமி வேண்டாம். அவசரப்படுத்தும் பயணத்தில்தான் காற்று ஓயும் வரை காத்திருக்க மனம் வராது.

கில்லார்னியைக் கேட்பவர்களும் உண்டு. வெண்பாறை மலைகளும் கண்ணாடித் தெளிவான ஏரிகளும் கொண்ட சிறிய பூங்கா. இடம் கிடைப்பது கடினம், போர்ட்டேஜ் செங்குத்து. மே மாத வார நாளில் இடம் கிடைத்தால் விட வேண்டாம். முதல்முறை போகிறவர்களுக்கும், இரண்டு இரவு மட்டும் இருப்பவர்களுக்கும் டொராண்டோவுக்கு மிகப் பக்கத்திலுள்ள கவார்த்தா ஹைலேண்ட்ஸ் போதும். அங்கே உண்ணி பார்த்துக்கொள்ள வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | அல்கொன்குவின் (சிறு ஏரிகள்) | பிரெஞ்சு ஆறு | டெமாகமி |
|---|---|---|---|
| டொராண்டோவிலிருந்து | 3 மணி நேரத்துக்குச் சற்று மேல் | சுமார் 4 மணி நேரம் | சுமார் 5 மணி நேரம் |
| மே மாதத் தண்ணீர் | குளிர், ஓட்டம் குறைவு | குளிர், வெள்ளம் | குளிர், காற்றுக்குத் திறந்தது |
| நடுவில் திரும்ப | எளிது | ரேபிட்ஸ் பகுதியில் மிகக் கடினம் | முடியும், நாள் பிடிக்கும் |
| போர்ட்டேஜ் | பலகை உண்டு, பராமரிப்பு உண்டு | மேற்கில் குறைவு | பராமரிப்பை நம்ப முடியாது |
| பிளாக்ஃபிளை | மே நடுவிலிருந்து | மே நடுவிலிருந்து, ஆற்றோரம் கடுமை | சில நாள் தாமதமாக |
| கவனிக்காமல் விடும் செலவு | ஆளுக்கு, இரவுக்குக் கட்டணம் | இரண்டாவது கார் | பெட்ரோல், மோட்டல், படகு வாடகை |
| குறைந்த நாட்கள் | 3 | 4 | 7 |

## படகும் சேர்ந்தே தீர்மானமாகும்

இடத்தைக் குறித்த பிறகு படகு பார்ப்பது தவறு. இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போடும். கெவ்லார் என்ற லேசான செயற்கை இழையில் செய்த கனூ பதினெட்டு இருபது கிலோ. ஒருவர் தனியாகத் தலைக்குமேல் தூக்கி நடக்கலாம். வாடகை அதிகம், பாறையில் உரசினால் கீறும், பலமாக மோதினால் உடையும். சேதத்துக்கான பணத்தையும் வாடகைக் கடையில் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். தடித்த பிளாஸ்டிக் வகைப் படகு முப்பது கிலோவையும் தாண்டும், ஆனால் பாறையில் இடித்தாலும் வளைந்து நிமிரும். போர்ட்டேஜ் நிறைந்த அல்கொன்குவினுக்குக் கெவ்லார்; பிரெஞ்சு ஆற்றின் ரேபிட்ஸுக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது. டெமாகமியில் நான் கெவ்லாரையே எடுப்பேன், கரையில் மோத விடாமல் முழங்கால் தண்ணீரில் இறங்குவேன். அதற்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும்.

வாடகைக் கடையில் படகோடு சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஆளுக்கொரு பொருத்தமான லைஃப் ஜாக்கெட், மிதக்கும் கயிறு 15 மீட்டர், தண்ணீர் இறைக்க ஒரு குவளை, விசில். இவை சட்டம் கேட்பவை. கூடுதலாக ஆளுக்கொரு மாற்று உடையை, நீர் புகாத பையில் கட்டி, படகிலேயே கயிற்றால் பிணைத்து வையுங்கள். பருத்தி வேண்டாம், கம்பளி நல்லது. எங்கள் நண்பர் விழுந்த அன்று அந்தப் பையை நாங்கள் வேறு மூட்டைக்கு அடியில் வைத்திருந்தோம். அதைத் தோண்டி எடுக்கும் வரை அவர் பற்கள் தட்டிக்கொண்டே இருந்தன.

நான்கு நாள், கோடை அனுபவம் மட்டும், இரண்டு மூன்று படகு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மே இரண்டாம் வாரம், அல்கொன்குவின், சிறிய ஏரிகள். முதல் இரவுக்குப் பின் இரண்டு இரவு ஒரே ஏரியில் தங்குவதாகப் பதிவு செய்யுங்கள். காற்று அடித்தால் நடுநாள் முழுதும் கரையிலேயே இருக்கலாம். அடிக்காவிட்டால் சுமையில்லாத படகில் சுற்றிவரலாம். காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கி, மதியத்துக்குள் கரையேறிவிடுங்கள்.

கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருக்கும்: ஒவ்வோர் இரவும் தங்கும் ஏரி, கார் நிற்கும் இடம், கார் எண், படகுகளின் நிறம், குழுவினரின் பெயர்கள். கடைசி வரியை மட்டும் என் மனைவி சிவப்பு மையில் எழுதிக்கொள்வாள்: ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குள் ஃபோன் வராவிட்டால் ஒன்டாரியோ மாகாணப் போலீஸ்.